நெல்லிக்கனியைக் கொடுத்தது யார்? கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பாத்திரங்கள் பற்றி

கேள்வி: பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் இளைஞனைப் பற்றி நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாயகன், எதிரி, குரு, தோழன், கோமாளி, தாய் என்று சில மாதிரிப் பாத்திரங்கள் உலகத்துக் கதைகள் எல்லாவற்றிலும் வருகின்றன என்று படித்தேன். அது உண்மையா? நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கதைகளிலும் அவை இருக்கின்றனவா? எழுதுபவர் அவற்றைப் பின்பற்ற வேண்டுமா?

பதில்:

பெருமளவு உண்மைதான். நம் பக்கத்திலும் அவை ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலைப் படிப்பவர்கள் பெரும்பாலும் அதை ஆள்களின் பட்டியலாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘குரு என்றால் தாடி வைத்த பெரியவர், எதிரி என்றால் முறைத்துப் பார்ப்பவன்’ என்று எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். குரு, எதிரி, கோமாளி எல்லாம் கதைக்குள் இருக்கும் இடங்கள். அந்த இடத்தில் இன்று ஒருவர் வந்து நிற்பார், அடுத்த அத்தியாயத்தில் வேறொருவர் நிற்பார். சில சமயம் ஒருவரே இரண்டு இடங்களிலும் நிற்பார். இதைப் பிடித்துக்கொண்டால் பட்டியல் உங்களுக்கு உதவும். இல்லையென்றால் உங்கள் நாவலை அது பொம்மைக் கொலு ஆக்கிவிடும்.

பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் மனித குலம் முழுவதற்கும் பொதுவான ஓர் அடிமனம் உண்டு என்றார். கனவிலும் புராணத்திலும் திரும்பத் திரும்ப வரும் தாய், முதியவர், நிழல், குறும்பன் போன்ற உருவங்களை அதிலிருந்து எழும் ஆழ்படிமங்கள் என்று விளக்கினார். அமெரிக்கரான ஜோசப் கேம்ப்பெல் 1949-இல் வெளியிட்ட நூலில், வீட்டை விட்டுப் புறப்பட்டு, சோதனைகளைக் கடந்து, ஒரு வரத்தோடு திரும்பி வரும் நாயகனின் பயணத்தைப் பல நாட்டுப் புராணங்களிலும் எடுத்துக்காட்டினார். இன்று திரைக்கதை வகுப்புகளில் சொல்லித்தரப்படும் பட்டியல்களில் பெரும்பாலானவை இவரிடமிருந்து கிளைத்தவை.

எழுதுபவருக்கு இவர்கள் இருவரையும்விட அதிகம் பயன்படுபவர் ரஷ்யரான விளாதிமிர் புராப் என்று நினைக்கிறேன். அவர் 1928-இல் 100 ரஷ்ய மாயக் கதைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். மனத்தின் ஆழத்துக்குள் போகாமல், கதையில் யார் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனித்தார். 31 செயல்களும் 7 பொறுப்புகளும் கிடைத்தன. தீங்கு செய்பவர், மாயப்பொருளைக் கொடுப்பவர், துணை நிற்பவர், தேடப்படும் இளவரசியும் அவள் தந்தையும், நாயகனை அனுப்பி வைப்பவர், நாயகன், போலி நாயகன் ஆகியவை அந்த ஏழு. ஒரே பாத்திரம் பல பொறுப்புகளைச் சுமக்கலாம், ஒரே பொறுப்பைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். பட்டியலைப் பரப்பியவர்கள் இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இருக்காது. சங்கக் காதல் பாட்டான அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது அதன் விதி: ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்.’ தலைவன், தலைவி, தோழி, வளர்த்த தாயான செவிலி, பெற்ற தாயான நற்றாய், தலைவனின் தோழனான பாங்கன், வழியில் பார்ப்பவர்களான கண்டோர் என்று இடங்கள் மட்டும்தான் இருக்கும். யார் எந்தத் தருணத்தில் யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதைக்கூட இலக்கணம் வகுத்துத் தந்திருக்கிறது. இந்தச் சில இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான புலவர்கள் எழுதினார்கள், ஒரு தலைவி இன்னொரு தலைவி போல இல்லை. மாதிரிப் பாத்திரம் என்றாலே சலிப்பு என்று சொல்பவர்களுக்குக் குறுந்தொகையைப் படிக்கச் சொல்வேன்.

மேலை நாட்டுப் பட்டியல்களில் சரியாக அடங்காத ஒரு பாத்திரம் நம்மிடம் இருக்கிறது. அது தோழி. ‘நாயகியின் துணை’ என்று எழுதி அவளைக் கடந்துவிட முடியாது. தலைவனைக் காக்க வைப்பவள், இரவில் வரும் வழியின் ஆபத்தைச் சொல்லி மணம் பேச வரச் சொல்பவள், விஷயத்தைப் பக்குவமாகச் செவிலியிடம் உடைப்பவள் எல்லாம் அவள்தான். செவிலி நற்றாயிடம் சொல்வாள், நற்றாய் தந்தைக்கும் அண்ணன்மாருக்கும் சொல்வாள். கதையை நகர்த்தும் கை தோழியுடையது. குறுந்தொகை 23-ஆம் பாட்டில், மகளுக்கு என்ன நோய் என்று அறியக் கட்டுவிச்சியை அழைத்திருக்கிறார்கள். அவள் மலைகளைப் பாடிக் குறி சொல்கிறாள். அந்த நேரத்தில் தோழி ‘இன்னும் பாடுக பாட்டே, அவர் நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டே’ என்கிறாள். ‘அவர்’ என்ற ஒரு சொல் போதும், யாரோ ஒருவர் இருக்கிறார் என்று வீடு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. பொய்யும் சொல்லவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. எழுதியவர் ஔவையார்.

ஔவையார் என்றதும் நம் ஊருக்கு வந்துவிட்டோம். தகடூர் என்ற பெயரில் இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையாரும் சேர்ந்த கதையை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அதியமான்கோட்டை வழியாகப் பஸ்ஸில் போகும் குழந்தைகூட நெல்லிக்கனி கதையைச் சொல்லும். அதை மாதிரிப் பாத்திரங்களின் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். உலகக் கதைகளின் பொது வழக்கம், முதியவர் ஒருவர் இளம் நாயகனுக்கு உயிர்காக்கும் பொருளைக் கொடுப்பது. அது வாளாகவோ மோதிரமாகவோ மந்திரமாகவோ இருக்கும். பெற்றுக்கொண்ட நாயகன் பிழைப்பான். தகடூரில் இது தலைகீழாக நடக்கிறது. உயிரை நீட்டிக்கும் கனியை நாயகன் புலவருக்குக் கொடுக்கிறான், அதன் பயனைத் தன் மனத்துக்குள்ளேயே மறைத்துக்கொண்டு கொடுக்கிறான். புறநானூறு 91-ஆம் பாட்டில் ஔவையாரே இதைச் சொல்கிறார்: ‘ஆதல் நின்னகத்து அடக்கிச் சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே.’

கதை அங்கே நிற்கவில்லை. பெற்றுக்கொண்டவர் உயிரோடு இருக்கிறார், கொடுத்தவன் போரில் வேல் பட்டு விழுகிறான். 235-ஆம் பாட்டு அவனுக்கு அவர் பாடிய கையறுநிலை. அவன் மார்பைத் துளைத்த வேல் பாணர்களின் உண்கலத்தைத் துளைத்தது, இரப்பவர் கையைத் துளைத்தது, புலவர் நாவில் போய் விழுந்தது என்று அந்தப் பாட்டு நகர்கிறது. இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துப் படித்தால், அந்தக் கனி என்ன விலைக்கு வந்தது என்பது நெஞ்சில் தைக்கிறது. சங்கப் புலவர்கள் இதைத் திட்டமிட்டு ஒரே கதையாகக் கட்டவில்லை என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் நம் கையில் இருப்பது ஒரு முழு நாவலின் எலும்புக்கூடு.

ஔவையார் ஓரிடத்தில் மட்டும் நிற்பவரும் இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற மன்னனிடம் தூது போகிறார். அங்கே படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வது போல இகழ்கிறார் (புறம் 95). இது குறும்பனின் இடம். பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது அதே அதியமானின் வாயிற்காவலனைப் பார்த்து, ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே’ என்று மூட்டையைக் கட்டுகிறார் (புறம் 206). அப்போது அவர் தன்மானத்தைக் கீழே வைக்காத கலைஞர். அதியமானையும் அவர் ஒற்றை வண்ணத்தில் எழுதவில்லை. ஊர்ச் சிறுவர்கள் தந்தத்தைக் கழுவும்படி நீர்த்துறையில் அமைதியாகக் கிடக்கும் யானை நீ எங்களுக்கு, பகைவருக்கோ மதம் கொண்ட யானை என்கிறார் 94-ஆம் பாட்டில். வள்ளல் என்ற மாதிரிப் பாத்திரத்துக்குள் ஓர் அச்சம் தரும் ஆளையும் வைத்திருக்கிறார். எழுதக் கற்றுக்கொள்பவர்கள் இந்தப் பாட்டுகளை மனப்பாடமே செய்யலாம்.

அடுத்தது வீரன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. தருமபுரி அருங்காட்சியகத்திலும் பல கற்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதப்போகும் நாயகன், எதிரி இருவருக்கும் அவை நேரடிப் பாடம். தொறு என்றால் ஆநிரை. ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று ஒரு வகைக் கல் சொல்லும். அவன் ஊரின் மாடுகளைக் காக்கப் போய் இறந்தவன். ‘தொறுக் கொண்டு பட்டான்’ என்று இன்னொரு வகைக் கல் சொல்லும். அவன் அடுத்த ஊர் மாடுகளைக் கவரப் போய் இறந்தவன். இருவருக்கும் கல் உண்டு. இரண்டிலும் வில்லோ வாளோ ஏந்தி, காலை அகட்டி நிற்கும் அதே வீரன். கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று இலக்கணம் இரண்டுக்கும் தனித்தனிப் பூவைச் சூட்டியது. ஒரு கரையில் எதிரியாக இருப்பவன் மறு கரையில் நாயகன் என்பதை இந்த மண் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. புலியோடு போராடி இறந்தவர்களுக்கும் கல் உண்டு. பக்கத்தில் செங்கம் பகுதி எடுத்தனூரில், இரண்டு கள்வரைக் கடித்துத் தன் தலைவனின் அருகில் நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ‘துணை நிற்பவர்’ என்ற பாத்திரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் பாத்திரங்கள் எப்படி இயங்குகின்றன என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பாரதக் கூத்துக்குப் போக வேண்டும். நம் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது, பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து என்று நாள்கணக்கில் போகும். பட்டியலில் உள்ள அத்தனை பேரும் அங்கே வேடம் கட்டி வருவார்கள். முதலில் கட்டியங்காரன். திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவைப் பார்த்து ‘நீ யாரப்பா?’ என்று கேட்கும் உரிமை அவனுக்கு மட்டும்தான் உண்டு. அவனே வாயிற்காவலன், தூதன், தேரோட்டி, ஊர்ப் பொதுஜனம். இதிகாசத்து மொழியில் ராஜா பேசி முடித்ததும், அதை நம் ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்லிச் சிரிக்க வைப்பவனும் அவனே. பலர் அவனை வெறும் கோமாளி என்று நினைக்கிறார்கள். கட்டியங்காரன் சரியில்லையென்றால் அந்த இரவின் கூத்தே சரியில்லை, ஏனென்றால் மேடைக்கும் கீழே அமர்ந்திருப்பவர்களுக்கும் நடுவில் இருக்கும் ஒரே வாசல் அவன்.

துரியோதனனைப் பாருங்கள். அவனது திரை வருகைக்கு இருக்கும் கம்பீரம் தருமருக்குக் கிடைக்காது. புஜக்கட்டையும் கிரீடமும் அணிந்து அவன் அடவு பிடிக்கும்போது, கெட்டவன் என்று தெரிந்தும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். கடைசி நாள் காலையில் படுகளத்தில் அவன் பெரிய மண் உருவமாகக் கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிப்பாள். விழுந்து கிடக்கும் அவனுக்காக ஒப்பாரி வைப்பதும் அந்தச் சடங்கில் உண்டு. பல நாள்களாக அவன் அழிவுக்காகக் காத்திருந்த ஊர், அழிந்த பிறகு அவனும் ஒருத்தியின் பிள்ளை என்று அழுகிறது. எதிரியை எழுதுவதில் இதற்கு மேல் ஒரு பாடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

துகிலுரிதல் இரவில் இன்னொன்று நடக்கும். துச்சாதனன் வேடம் கட்டியவர், திரௌபதியின் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி வணங்கி மன்னிப்புக் கேட்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். அந்த இடத்தில் நிற்க வேண்டியது கதையின் தேவை, நிற்பவர் வேறு ஒருவர் என்பது ஊருக்கும் தெரியும், நடிகருக்கும் தெரியும், அம்மனுக்கும் தெரிந்தாக வேண்டும். பாத்திரம் ஓர் இடம் என்று நான் மேலே சொன்னதை இவர்கள் உடம்பாலேயே செய்து காட்டுகிறார்கள்.

கர்ணனின் முடிவைச் சொல்லும் கூத்தான கர்ண மோட்சம் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். கொடையாளி, கைவிடப்பட்ட குழந்தை, தவறான பக்கத்தில் நிற்கும் நல்லவன் என்ற மூன்று மாதிரிப் பாத்திரங்களும் ஒரே உடம்பில் மோதிக்கொள்கின்றன. கூத்தில் வரும் அவன் மனைவி பொன்னுருவி முதலில் அவன் பிறப்பைச் சொல்லி இகழ்கிறாள், பிறகு போருக்குப் போகாதே என்று மன்றாடுகிறாள். அவளுக்குப் பட்டியலில் இடமே இல்லை. கூத்தில் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வது அவளுடைய இடத்தில்தான்.

தாய் என்ற பாத்திரத்தை அன்பு, தியாகம் என்று இரண்டு சொற்களில் முடித்துவிடாதீர்கள். மாசி மாதத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் மயானக் கொள்ளைக்குப் போய்ப் பாருங்கள். அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போகிறாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் பெண்கள் அவளை அம்மா என்றுதான் அழைக்கிறார்கள். காப்பவளும் அச்சுறுத்துபவளும் ஒருத்தியே என்பது அவர்களுக்குப் புதிதில்லை.

இனி ஓர் எச்சரிக்கை. மாதிரிப் பாத்திரம் எந்த நொடியிலும் முத்திரை குத்தப்பட்ட ஆளாகக் கெட்டுப்போகலாம். இன்ன சாதிக்காரன் முரடன், இன்ன வேலை செய்பவன் ஏமாற்றுக்காரன், மாமியார் என்றால் கொடுமைக்காரி என்று வரத் தொடங்கினால் அங்கே இடம் போய்விட்டது, வசை மட்டும் மிஞ்சியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் எழுதும்போது தருமபுரி என்றால் வறட்சி, பின்தங்கிய ஊர், வெகுளியான ஜனங்கள் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். நாமே அதை நம் கதைகளில் திருப்பி எழுதுவது எனக்குப் பெரிய வருத்தம்.

குறிப்பாகக் காதலித்து வீட்டை விட்டுப் போகும் பிள்ளைகளின் கதையை நம் பக்கத்திலிருந்து எழுதுபவர்கள் தந்தையை வில்லனாக நிறுத்திவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார்கள். அகப்பாட்டு இந்த நிகழ்ச்சியை உடன்போக்கு என்று எடுத்துக்கொண்டு எத்தனை பேரின் வாயால் பேசியது! மகளைத் தேடிப் பாலை வழியில் போகும் செவிலியிடம் எதிரே வரும் முக்கோல் பகவர்கள் என்ற துறவிகள் பேசும் கலித்தொகைப் பாட்டு ஒன்று உண்டு. சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசிக்கொள்பவருக்கே பயன்படும், மலைக்கு அதனால் என்ன பயன், நினைத்துப் பார்த்தால் உங்கள் மகளும் உங்களுக்கு அப்படித்தான் என்கிறார்கள். பெரியவர் என்ற பாத்திரம் இங்கே பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லவில்லை, பெற்றவர்களுக்குச் சொல்கிறது. இன்று இந்தக் கதையை எழுதுபவருக்கு நான் கொடுக்கும் வேலை, அந்த வழிப்போக்கரை இந்தக் காலத்தில் தேடுவது. அவர் பஸ் கண்டக்டராக இருக்கலாம், பள்ளிக்கூட ஆசிரியையாக இருக்கலாம். ஒருவருமே இல்லை என்றால், அந்த இடம் காலியாக இருப்பதே உங்கள் கதை.

உங்கள் நாவலுக்கு வருகிறேன். பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் பையன் என்றதுமே புறப்பாடு, சோதனை, திரும்பி வருதல் என்ற கேம்ப்பெல்லின் வட்டம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை நம்பி ஏமாறாதீர்கள். அந்த வட்டத்தில் நாயகன் ஒரே ஒருமுறை போய் வருகிறான். நம் பையன்கள் மாரியம்மன் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் வருகிறார்கள், திரும்பப் போகிறார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டில் அவன் நிற்கும் இடம் மாறியிருக்கும். போகும்போது மகன், அடுத்த முறை சம்பாதிப்பவன், அதற்கடுத்த முறை விருந்தாளி. இந்த மாற்றத்தை வைத்தே நாவலின் பாகங்களைப் பிரிக்கலாம்.

நீங்கள் உண்மையிலேயே உழைக்க வேண்டிய பாத்திரம் மேஸ்திரி. ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பவர், கன்னடம் பேசத் தெரிந்தவர், தங்குவதற்கு ஷெட் பிடித்துத் தருபவர், சம்பளத்தில் பிடித்தம் செய்பவர், அடிபட்டால் முதலில் ஓடிவந்து ஆட்டோ பிடிப்பவர் எல்லாம் அவர் ஒருவரே. புராப்பின் ஏழு பொறுப்புகளில் அனுப்பி வைப்பவர், கொடுப்பவர், துணை நிற்பவர், தீங்கு செய்பவர் என நான்கை அவர் ஒருவரே சுமக்கிறார். அவரைச் சுரண்டல்காரர் என்று ஒரு வரியில் எழுதினாலும் நாவல் நொண்டும், தெய்வம் என்று எழுதினாலும் நொண்டும். அவருக்கும் மேலே ஒரு கான்ட்ராக்டர் இருக்கிறார், அவர் கொடுக்க வேண்டிய பாக்கி இருக்கிறது, மேஸ்திரியும் ஒரு காலத்தில் இதே பஸ்ஸில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஏறியவர்தான்.

ஒரு பயிற்சி செய்து பாருங்கள். முன்பணம் கைமாறும் காட்சியை முதலில் பையனின் கண்ணால் எழுதுங்கள். பிறகு அதையே, திண்ணையில் உட்கார்ந்து நோட்டுகளை எண்ணித் தரும் மேஸ்திரியின் மனைவி கண்ணால் எழுதுங்கள். இரண்டாவது பிரதியில் பையன் கொஞ்சம் பயமுறுத்துபவனாகத் தெரிந்தால், அதாவது வாங்கிக்கொண்டு வேலைக்கு வராமல் போய்விடுவானோ என்று அவள் அவன் முகத்தைப் படிக்கும் அளவுக்கு அந்தக் காட்சி வந்துவிட்டால், நாவலை அங்கிருந்தே தொடங்குங்கள்.